மலையூர்க் குழந்தைகளுக்கு ரிமோட் கார் வாங்குதல்: நீலகிரிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேட்டரியில் ஓடும் ரேடியோ ரிமோட் கார்களைப் பற்றி உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரப் பெற்றோர் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். சமவெளியில் கார் வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது வேகத்தை. சரிவும் ஈரமும் குளிரும் சேர்ந்திருக்கும் நம் ஊரில் வேகம் கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒன்று என்பதே இந்த விடைகள் அனைத்துக்கும் அடிப்படை.

ஐந்நூறு ரூபாய்க்கும் ரிமோட் கார் கிடைக்கிறது, இருபதாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டுக்கும் என்னதான் வேறுபாடு?

வேறுபாட்டின் பெரும்பகுதி வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது. மலிவான பொம்மைக் காரில் மோட்டார், கியர், சர்க்யூட் பலகை எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். ரிமோட்டில் முன்னே, பின்னே, இடம், வலம் என்று நான்கு பொத்தான்கள் மட்டுமே உண்டு. அழுத்தினால் முழு வேகம், விட்டால் நிறுத்தம், இடைப்பட்ட நிலை எதுவும் கிடையாது. திருப்பமும் அப்படித்தான்: முன் சக்கரங்கள் ஒரேயடியாக ஒரு பக்கம் ஒடியும் அல்லது நேராக நிற்கும், இலேசாகத் திருப்ப வழியில்லை.

ஹாபி வகை என்று விற்கப்படும் கார்களில் மோட்டார், வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி., ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர், திருப்பத்துக்கான செர்வோ ஆகியவை தனித்தனிப் பாகங்களாக இருப்பதால், ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஜப்பானின் தமியா நிறுவனம் 1976ஆம் ஆண்டில் போர்ஷே 934 காரை 1:12 அளவில், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் தொகுப்பாக வெளியிட்டது. பாகம் பாகமாகப் பிரித்து, பழுது பார்த்து, மீண்டும் பூட்டும் அந்த வழக்கம் இன்றைய ஹாபி கார்கள் வரை தொடர்கிறது. இந்த வகையில் ரிமோட்டின் விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் சக்கரம் சுழலும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. டபிள்யூ.பி.எல்., எம்.என். போன்ற சீன நிறுவனங்களின் ஜீப், லாரி மாதிரிகள் விலையில் பொம்மைக்கு அருகிலும் அமைப்பில் ஹாபி காருக்கு அருகிலும் நிற்பவை. முதன்முதலாக வாங்கும் மலையூர்க் குடும்பத்துக்கு நான் பெரும்பாலும் சொல்வது இந்த நடுவகையைத்தான்.

மலையில் இருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

சரிவு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலின் மிகச் செங்குத்தான பகுதியில் ஏறத்தாழ 12 அடி தூரத்துக்கு 1 அடி உயர்வு. அந்த ஏற்றத்துக்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் போட வேண்டியிருந்தது. நம் வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு ஏறும் சிமெண்ட் பாதைகளில் பல, அதைவிடச் செங்குத்தானவை. சமதளத்துக்காகச் செய்யப்பட்ட கார் அந்தப் பாதையில் பாதி ஏறியதும் திணறும். அப்போது மோட்டார் சுழல முடியாமல் நின்ற இடத்திலேயே அதிக அளவு மின்சாரத்தை இழுக்கும். அப்படி இழுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறி, சில விநாடிகளில் மோட்டாரின் சுருள் கருகும் வாசனை வரும். பழுதுக்கு வரும் கார்களில் 'ஓடவே மாட்டேன் என்கிறது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

ஏற்றத்துக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும் ரிமோட். இது இல்லாத காரைச் சரிவில் ஓட்டவே வேண்டாம். முழு வேகத்தில் கிளம்பும் சக்கரம் ஈரமான சிமெண்டில் வழுக்கிக்கொண்டே இருக்கும், கார் நகராது. இரண்டாவது, நான்கு சக்கர இழுவை. ஏற்றத்தில் எடை பின்சக்கரங்களுக்குப் போய்விடுவதால் முன்சக்கரம் மட்டும் இழுக்கும் கார் பயனற்றது. பின்சக்கரம் மட்டும் இழுப்பது ஓரளவு ஏறும், ஆனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும். மூன்றாவது, குறைந்த வேகத்துக்கும் அதிக இழுவைக்குமான கியர் விகிதம். இந்த மூன்றும் சேர்ந்த கார்களைக் கடைகளில் 'கிராலர்' என்று கேட்டால் தெரியும். மனிதன் நடக்கும் வேகத்தில்தான் ஓடும், ஆனால் செங்கல், வேர், கல் எல்லாவற்றின் மீதும் ஏறி இறங்கும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் சிக்கல் அதிகம். விசையை விட்டதும் சாதாரணக் கார் நியூட்ரலுக்குப் போய், சரிவில் தானாக உருளத் தொடங்கும். அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே உள்ள வீட்டு ஓட்டின் மீது போய் விழுந்த கார்களும் உண்டு. கிராலர்களின் இ.எஸ்.சி.யில் 'டிராக் பிரேக்' என்ற வசதி இருக்கும். விசையை விட்ட கணமே மோட்டார் தடையாக மாறிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதால் கார் நின்ற இடத்தில் நிற்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதில் டிராக் பிரேக் உண்டா?' என்பதே.

கிராலரிலும் ஒரு குறை உண்டு. பெரும்பாலானவற்றில் இடது, வலது சக்கரங்கள் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால் குறுகலாகத் திரும்பாது, தார்ச் சாலையில் டயர் தேயும். மண்பாதையில் இது தெரியாது.

எந்த வயதுக்கு எந்தக் கார்?

மூன்று வயதுக்குக் கீழே ரிமோட் கார் வேண்டாம். கழன்றுவிடக்கூடிய சிறு பாகங்களும் பேட்டரிகளும் வாய்க்குள் போகும் வயது அது. குறிப்பாக, சில மலிவு ரிமோட்டுகளில் இருக்கும் வட்ட வடிவப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் எந்த வயதுக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள்.

நான்கைந்து வயதில் வீட்டுக்குள் ஓடும், இரண்டு மூன்று பொத்தான் கொண்ட மெதுவான கார் போதும். உடையும், உடையட்டும். ஆறேழு வயதில் நடுவகைக் கிராலர் கையில் பழகும், பெரியவர் ஒருவர் உடனிருந்தால். பத்து வயதைத் தாண்டிய, ஸ்குரூ டிரைவர் பிடிக்க ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஹாபி கார் வாங்கலாம். அந்த விலையில் வாங்குவதானால் வேகத்தைப் பெற்றோர் குறைத்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ட்ராக்ஸஸ் நிறுவனக் கார்களில் பலவற்றில் முழு வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி நிலை உண்டு.

மகளுக்கு வாங்கினால் விளையாடுவாளா?

விளையாடுவாள்.

பெட்டியின் மேல் 1:24, 1:16, 1:10 என்று போட்டிருப்பது என்ன?

உண்மையான வண்டியைவிட எத்தனை மடங்கு சிறியது என்பதைக் காட்டும் கணக்கு. நான்கரை மீட்டர் நீளமுள்ள வண்டி 1:10 அளவில் 45 சென்டிமீட்டர், 1:24 அளவில் 19 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மலைப்பாதைக்கு 1:16 முதல் 1:10 வரை நல்லது. அதற்குக் கீழே போனால் சக்கரம் சிறிதாகி, ஒரு பைன் கூம்பே தடையாகிவிடும். வீட்டு அறைக்குள் மட்டும் ஓட்டப் போவதாக இருந்தால் 1:24 போதும்.

மணிக்கு 40 கிலோமீட்டர், 60 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்கிறார்களே, அப்படிப்பட்ட காரை வாங்கலாமா?

வாங்கி எங்கே ஓட்டுவீர்கள்? மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 11 மீட்டர். எஸ்டேட் லைன் வீட்டு வாசலோ, படகர் ஊரான ஹட்டியில் வீட்டு வரிசைக்கு முன்னால் நீண்டு கிடக்கும் களமோ, மூன்று நான்கு விநாடியில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார் குழந்தையின் கணுக்காலில் மோதினால் எலும்பு முறியவும் வாய்ப்புண்டு. பெரிய பள்ளி மைதானம் பக்கத்தில் இருந்து, நிர்வாகத்தின் அனுமதியும் இருந்தால் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வேகக் கார் மகிழ்ச்சி தரும். மற்றவர்களுக்கு அது பெட்டியிலேயே இருக்கும் பொருள்.

நம் உயரத்தில் மோட்டாரின் சக்தி குறையுமா?

குறையாது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதைப் போல ஏறத்தாழ முக்கால் பங்குதான். எரிபொருளை எரிக்கக் காற்று தேவைப்படும் இன்ஜின்கள் அதனால் இழுவை இழக்கும்; நைட்ரோ எரிபொருளில் ஓடும் ஹாபி கார்களை இங்கே ஓட்டிப் பார்த்தவர்கள் கார்புரேட்டரைத் திருகித் திருகி அலுத்துப்போவது அதனால்தான். மின்மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. மெல்லிய காற்றில் மோட்டார் ஆறுவது சற்றுத் தாமதமாகும் என்பது உண்மை, ஆனால் நம் காற்றின் குளிர்ச்சி அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. நைட்ரோ கார் குழந்தைகளுக்கு எந்த ஊரிலும் ஏற்றதல்ல.

பேட்டரியில் எதைப் பார்க்க வேண்டும்?

காரின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பென்சில் பேட்டரியில் ஓடும் கார் வாங்கினால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் செல்களுக்கே சில மாதங்களில் காரின் விலை செலவாகிவிடும். அவற்றுக்குப் பதிலாக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு எனப்படும் ரீசார்ஜ் செல்களைப் போடலாம். ஒரு செல்லுக்கு 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் என்பதால் கார் சற்று மெதுவாக ஓடும், அவ்வளவே. ஹாபி கார்களில் இதே வகையில் ஆறு செல்களைச் சேர்த்துக் கட்டிய 7.2 வோல்ட் பேட்டரி வரும். கொஞ்சம் கனமானது, முரட்டுத்தனமான கையாளுதலையும் தாங்குவது, சிறுவர்களுக்கு மிகவும் ஏற்றது.

லித்தியம் வகை எடை குறைந்தது, வலுவானது, ஆனால் ஒழுங்கை எதிர்பார்ப்பது. ஒரு செல்லின் சராசரி அளவு 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்; 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் செல் நிரந்தரமாகக் கெடும். எனவே அந்த அளவுக்கு முன்பே தானாக நிறுத்திவிடும் வசதி இ.எஸ்.சி.யில் இருக்க வேண்டும். பள்ளி திறந்து காரை அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால், முழுச் சார்ஜோடும் வைக்காமல், முற்றும் தீர்ந்த நிலையிலும் வைக்காமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில், பேட்டரியைக் காரிலிருந்து பிரித்து வையுங்கள். தலையணை உறை போன்ற மெல்லிய உறையில் வரும் லித்தியம் பாலிமர் பேட்டரி உப்பியிருந்தால் அதை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது.

எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் மில்லி ஆம்பியர் மணிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். டார்ச் லைட்டுகளிலும் பயன்படும் 18650 என்ற உருளை லித்தியம் செல்லின் தரமானவையே ஏறத்தாழ 3,500 மில்லி ஆம்பியர் மணிதான். அதே அளவு செல்லில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அச்சிட்டவர் வெட்கமில்லாதவர் என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 1,500 மில்லி ஆம்பியர் மணி என்பது 1.5 ஆம்பியர் மணி. கார் சராசரியாக 5 ஆம்பியர் இழுத்தால் 1.5 ஐ 5 ஆல் வகுக்கக் கிடைப்பது 0.3 மணி, அதாவது 18 நிமிடம். ஏற்றத்தில் இழுக்கும் மின்சாரம் கூடுவதால் நம் ஊரில் அது 10 நிமிடமாகக் குறையலாம். காரோடு ஒரு பேட்டரிதான் தருவார்கள். கூடுதலாக ஒன்று தனியாகக் கிடைக்கும் மாடலையே வாங்குங்கள். பேட்டரி உள்ளேயே பற்றவைக்கப்பட்ட கார்கள் அது செத்ததும் குப்பைதான்.

சார்ஜ் போடும்போது என்ன கவனம் வேண்டும்?

பிள்ளைகள் கையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள், இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், மெத்தை மேலோ கம்பளி மேலோ வைக்காதீர்கள். தரையில் ஓடு அல்லது கல்லின் மீது, ஆள் பார்வையில் இருக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டோ அதற்கு மேலோ செல்கள் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு ஒவ்வொரு செல்லையும் சமப்படுத்தும் பேலன்ஸ் சார்ஜரே வேண்டும். காரோடு வரும் யு.எஸ்.பி. ஒயரை அதற்கான பேட்டரிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு காரின் பேட்டரியை மாட்டுவது தீ விபத்துக்கு வழி.

டிசம்பர், ஜனவரியில் கார் சீக்கிரம் நின்றுவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கங்களில் உறைபனி விழும் காலையில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. அந்தக் குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிமாற்றம் மந்தமாகி உள்தடை கூடுவதால், உள்ளே மின்சாரம் மீதம் இருந்தாலும் மோட்டார் கேட்கும் வேகத்தில் அதைக் கொடுக்க முடியாமல் வோல்ட் சட்டென்று இறங்கும், இ.எஸ்.சி. அதைப் பார்த்து, பேட்டரி தீர்ந்தது என்று எண்ணி நிறுத்திவிடும். வெயில் ஏறிய பிறகு அதே பேட்டரி வழக்கம்போல் ஓடும். இரவில் காரை வராந்தாவில் விட்டாலும் பேட்டரியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று: சில்லிட்ட லித்தியம் பேட்டரியை உடனே சார்ஜ் போடக் கூடாது. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உள்ளே நுழைய வேண்டிய இடத்தில் நுழையாமல் உலோகமாக மேற்பரப்பில் படிந்துவிடும். இழந்த கொள்ளளவு திரும்பாது, பின்னாளில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் அது காரணமாகலாம். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் கிடக்கட்டும். சூடேற்றுகிறேன் என்று குமுட்டி அடுப்பருகிலோ ஹீட்டரின் முன்னாலோ வைப்பது குளிரைவிடக் கேடு.

காரின் பிளாஸ்டிக்கும் குளிரில் எளிதில் முறியும். முன் பம்பர் வளைந்து கொடுக்கும் நைலான் வகையாக இருப்பது நல்லது.

'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கும் காரை மழையில் ஓட்டலாமா?

பெரும்பாலான கார்களில் அந்தச் சொல்லுக்குப் பொருள், மின்சாதனப் பகுதிகளில் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்பது மட்டுமே. ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறியீடு எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதைக் காட்டுகிறது. நீரில் மூழ்கலாம் என்று அது சொல்வதில்லை. பேரிங்குக்கும் திருகாணிக்கும் மோட்டாரின் கார்பன் பிரஷுக்கும் எந்தக் குறியீடும் பாதுகாப்புத் தருவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூரும் வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் கோத்தகிரியும் நனைந்து கிடக்கும் மாதங்களில், ஈரத்தைத் தவிர்ப்பது என்பது காரையே தவிர்ப்பதாகிவிடும் என்பதால், ஓட்டுங்கள். ஓட்டிய பின் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். பழைய பல் பிரஷால் செம்மண்ணைத் துடைத்தெடுங்கள். காய விட்டால் அது கெட்டியாகி கியர் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிடும். பிறகு காரைக் கவிழ்த்து, ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள். பைன் ஊசியோ புல்லோ தலைமுடியோ அச்சில் சுற்றியிருக்கும். வெளியே இரண்டு இழைதான் தெரியும், இழுத்தால் விரல் நீளத்துக்கு வந்துகொண்டே இருக்கும், கடைசிச் சுற்று பேரிங்கின் உள்ளேயே போயிருக்கும். அதை அப்படியே விட்டால் பேரிங்கின் மூடியைக் கிழித்து மண் உள்ளே புக வழி செய்துவிடும். சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, உலர்ந்த பின் பேரிங்கில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும்.

மூடுபனி மழையைப் போலத் தெறிக்காது, ஆனால் எங்கும் நுழையும். குளிர்ந்த காரை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவரும்போது உள்ளேயும் நீர் கோக்கும் என்பதால், சிறிது நேரம் கழித்தே மீண்டும் ஆன் செய்யுங்கள்.

ரிமோட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அவசியமா?

அவசியம். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைகளில் அண்ணன் ரிமோட்டை அழுத்தினால் தம்பியின் காரும் திரும்பும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு ரிமோட்டும் தன் காரோடு மட்டும் இணைந்துகொள்வதால் பல கார்களை ஒரே இடத்தில் ஓட்டலாம். இந்த அலைவரிசையில் வரும் குறைந்த திறன் கருவிகளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை.

நூறு மீட்டர் எட்டும் என்று பெட்டியில் எழுதியிருப்பது திறந்த சமவெளிக்கான கணக்கு. இந்த அலைகளை ஈரமான இலைகளும் மண்மேடும் நன்றாகவே தடுக்கும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, தரையோடு தரையாக ஓடும் கார் ஒரு வளைவு தாண்டியதும் தொடர்பை இழக்கலாம். அப்போது கார் தானாக நிற்க வேண்டும். வாங்கும்போதே சோதித்துவிடலாம்: காரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சக்கரம் சுழலும்போது ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நின்றால் சரி. சுழன்றுகொண்டே இருந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஓட்டும்போது முதலில் ரிமோட்டை ஆன் செய்து பிறகு காரை ஆன் செய்வதும், முடிக்கும்போது முதலில் காரை அணைப்பதும் பழக்கமாகட்டும்.

எங்கே ஓட்டலாம்?

சாலையில் கூடாது, நம் வளைவுகளில் வரும் பேருந்து ஓட்டுநருக்கு முழங்கால் உயரம்கூட இல்லாத காரும் தெரியாது, அதன் பின்னால் ஓடிவரும் குழந்தையும் தெரியாது. வீட்டு முற்றம், ஹட்டிக் களம், மைதானம், அனுமதி பெற்ற எஸ்டேட் மண்பாதை ஆகியவை போதும். கவ்வாத்து செய்த தேயிலைக்குள் விட்டால் வெட்டுப்பட்ட குச்சி டயரைக் கிழிக்கும், எடுக்கப் போகும் பிள்ளையின் காலையும் கிழிக்கும்.

மாலை ஐந்தரைக்கு மேல் வெளியே ஓட்ட விடாதீர்கள். காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் வீடுகளுக்கு அருகே வரும் நேரம் அது. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கும் கொடைக்கானல்காரர்களுக்கும் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. புதருக்குள் போன காரை இருட்டிய பின் தேட வேண்டாம், காலையில் எடுத்துக்கொள்ளலாம். மேய்ந்துகொண்டிருக்கும் காட்டெருமையின் அருகே காரை ஓட்டி வீடியோ எடுக்கும் ஆசை பெரிய பிள்ளைகளுக்கு வரும். மிரண்ட விலங்கு காரை நோக்கி வராது, ஆளை நோக்கித்தான் வரும். வனத்துறையும் சும்மா விடாது.

கடையில் வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

ரிமோட்டை இலேசாக அழுத்துங்கள்; சக்கரம் மெதுவாகச் சுழலத் தொடங்க வேண்டும். திருப்பத்தை இடமும் வலமும் கொடுத்துவிட்டு விடுங்கள். முன்சக்கரம் நேராக வந்து நிற்க வேண்டும். சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள், சற்று ஆட்டம் இருக்கலாம், கடகடக்கக் கூடாது. பின்சக்கரங்களை விரலால் இலேசாகத் தடுத்துக்கொண்டு விசையை அழுத்தும்போது 'டிக் டிக்' என்று பல் தாண்டும் ஒலி வந்தால் கியர் மெலிந்தது. நம் ஏற்றத்தில் ஒரு மாதம் தாங்காது. கடைக்காரர் அனுமதித்தால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து ஏற்றிப் பாருங்கள், நடுவில் நிறுத்தியும் பாருங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமா?

பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். மின்பொம்மைகளுக்கான தரக்குறியீடு ஐ.எஸ். 15644. ஹாபி கார்களின் பெட்டியில் '14 வயதுக்கு மேல்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். அத்தகைய காரைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோர், உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

உதிரிபாகம் இங்கே கிடைக்குமா?

நம் ஊர்க் கடைகளில் எதிர்பார்க்க வேண்டாம். கோயம்புத்தூரிலோ, பழனி மலைப்பக்கத்தவர் மதுரையிலோ விசாரிக்கலாம், மற்றபடி ஆன்லைனில்தான். எனவே காரை ஆர்டர் செய்வதற்கு முன்பே அதே மாடலின் கியர், அச்சு, செர்வோ, பேட்டரி ஆகிய நான்கும் தனித்தனியாக விற்கப்படுகின்றனவா என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த மாடலுக்குப் போங்கள். லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடுகள் இருப்பதால் பேட்டரி மட்டும் தரைவழியாகத் தாமதமாக வரலாம். பிறந்தநாளுக்கு என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குழந்தை ஏறி உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார் வாங்கலாமா? பெற்றோர் கையில் ரிமோட்டும் தருகிறார்களே.

சரிவுள்ள வாசலுக்கு வேண்டாம். இவற்றில் 6 அல்லது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி இருக்கும், பெரும்பாலானவற்றில் தனி பிரேக் இருக்காது. மோட்டாரும் கியரும் தரும் தடையே பிரேக். குழந்தையின் எடையும் வண்டியின் எடையும் சேர்ந்து இறக்கத்தில் தள்ளும்போது அந்தத் தடை போதாது, பிளாஸ்டிக் சக்கரம் ஈரத்தில் வழுக்கவும் செய்யும். ரிமோட்டை அழுத்தி நிறுத்த முயலும் பெற்றோருக்கு அப்போது கையில் இருப்பது வெறும் பொத்தான்தான். சுற்றுச்சுவர் உள்ள சமதள முற்றம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

தீர்ந்துபோன பேட்டரியை என்ன செய்வது?

வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள், எரிக்காதீர்கள், பள்ளத்தில் வீசாதீர்கள். இங்கே பள்ளத்தில் போடுவது யாவும் மழையோடு ஏதாவது ஓடையில் போய்ச் சேரும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உண்டு. முனைகளின் மேல் டேப் ஒட்டி, உலர்ந்த தகர டப்பாவில் சேர்த்து வைத்து, கீழே போகும்போது வாங்கிய கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை மட்டும் மற்றவற்றோடு சேர்க்காமல், மணல் போட்ட தனி டப்பாவில் வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் வையுங்கள்.